ஒரே விதியால் ஆள முயன்ற மேயர்

ஞாயிறு திருப்பலியில் நாம் கேட்கும் நற்செய்தி, திங்கட்கிழமை காலையில் தொழிற்சாலை வாயிலுக்குள் நுழைய முடியுமா? நகரமன்றத்தின் மேசைமீது ஏறி அமர முடியுமா? காவல் நிலையத்திலும் நீதிமன்றக் கூண்டின் முன்னும் அதன் குரல் எடுபடுமா? இக்கேள்விகளுக்கு நம்மில் பலர் நெஞ்சுக்குள் வைத்திருக்கும் விடை, “முடியாது” என்பதே. நற்செய்தி தனிமனித வாழ்வுக்கு. ஆட்சிக்கும் வணிகத்துக்கும் வேறு கணக்கு, வேறு சட்டம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அந்தப் பிரிவினையை ஏற்க மறுத்த ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அவர் குருவல்லர், இறையியல் கற்றவருமல்லர். எண்ணெய்க் கிணறுகளில் உழைத்துச் செல்வரானவர். பின்னர் ஒரு நகரின் மேயரானவர். சாமுவேல் மில்ட்டன் ஜோன்ஸ் என்பது அவர் பெயர். ஊரார் அவரைப் ‘பொன்விதி ஜோன்ஸ்’ என்றே அழைத்தனர். பிறர் நம்மிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என எதிர்பார்க்கிறோமோ, அவ்வாறே நாம் அவர்களிடம் நடந்துகொள்ள வேண்டும் என்று ஆண்டவர் இயேசு மலைப்பொழிவில் அளித்த கட்டளைக்கே ‘பொன்விதி’ என்று பெயர்.

அவருடைய வாழ்வை நாம் இங்கே எண்ணிப் பார்ப்பது புகழ்பாடுவதற்காக மட்டுமன்று. அவர் வென்ற இடங்களும் தோற்ற இடங்களும் நம் மனச்சான்றிடம் கேள்வி கேட்கின்றன. குறிப்பாக, அவரை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களுள் கிறிஸ்தவப் போதகர்களும் இருந்தனர் என்பது நம்மை நின்று சிந்திக்க வைக்கும் செய்தியாகும்.

வறுமையிலிருந்து வளமைக்கு

1846ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் என்னும் மலைக் கிராமத்தருகே ஓர் ஏழைக் குடும்பத்தில் ஜோன்ஸ் பிறந்தார். அவருக்கு மூன்று வயது ஆனபோது பெற்றோர் பிழைப்புத் தேடிக் கப்பலேறி, நியூயார்க் மாநிலத்தின் ஒரு நாட்டுப்புறப் பகுதியில் குடியேறினர். பள்ளிக்கூடத்தில் அவர் கழித்த காலம் அனைத்தையும் கூட்டினாலும் முப்பது மாதங்களே. பத்து வயதிலேயே பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தார். பதினான்கு வயதில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தார். அதன்பின் ஆற்றில் ஓடும் நீராவிப் படகொன்றின் பொறிகளுக்கு எண்ணெய் இடும் வேலை கிடைத்தது.

அக்காலத்தில் பென்சில்வேனியா மாநிலத்தில் பூமிக்கடியிலிருந்து எண்ணெய் பீறிட்டு வந்துகொண்டிருந்தது. 1859இல் டைட்டஸ்வில் என்னும் ஊரில் முதல் எண்ணெய்க் கிணறு வெற்றிகரமாகத் தோண்டப்பட்டதிலிருந்து, பொருள் தேடுவோர் அங்குத் திரண்டு சென்றனர். இளைஞரான ஜோன்சும் அந்த ஊரைச் சென்றடைந்தார். சட்டைப் பையில் இருந்த தொகை பதினைந்து சென்ட். கிடைத்த வேலையை எல்லாம் செய்து, தொழிலின் நுட்பங்களைக் கற்று, சிறிது சிறிதாகச் சேமித்துத் தாமே கிணறு தோண்டும் நிலைக்கு உயர்ந்தார். 1875இல் ஆல்மா என்னும் பெண்ணை மணந்தார்.

செல்வம் வந்த அதே வேளையில் துயரமும் வந்தது. 1881இல் சின்னஞ்சிறு மகள் இறந்தாள். 1885இல் மனைவியும் மறைந்தார். இரண்டு மகன்களுடன் தனித்து விடப்பட்ட ஜோன்ஸ், பழைய நினைவுகளிலிருந்து விலகி வாழ எண்ணி 1886இல் ஓகையோ மாநிலத்தின் லீமா நகருக்குச் சென்றார். அங்கே அவர் தோண்டிய கிணற்றில் எண்ணெய் பெருகியது. 1887இல் வேறு சிலரோடு சேர்ந்து ‘ஓகையோ எண்ணெய் நிறுவனத்தை’ உருவாக்கினார். ஈராண்டுகளுக்குள், ராக்ஃபெல்லரின் ‘ஸ்டாண்டர்டு ஆயில்’ என்னும் பெருநிறுவனம் அதனை விலைக்கு வாங்கிக்கொண்டது. ஜோன்ஸ் செல்வரானார். 1892இல் டொலீடோ நகரைச் சேர்ந்த ஹெலன் பீச் என்னும் இசை வல்லுநரை மறுமணம் செய்துகொண்டு, அந்நகரிலேயே நிலையாகக் குடியேறினார்.

டொலீடோ, ஈரி ஏரியின் மேற்குக் கோடியில், மாமி ஆற்றங்கரையில் அமைந்த நகரம். நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்களின் முன் அது சிறு நகரமே. 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 1,31,822. ஜெர்மானியர், அயர்லாந்துக்காரர், போலந்து நாட்டவர் எனக் கடல் கடந்து வந்த கத்தோலிக்கர் அங்கே ஏராளமாகக் குடியேறியிருந்தனர். 1910இல் டொலீடோ தனி மறைமாவட்டமாக நிறுவப்பட்டது. தொழிற்சாலைகள், இருப்புப்பாதைகள், மதுக்கடைகள், கூலிக்காக அலையும் ஏழைகள் என, வளரும் தொழில்நகரம் ஒன்றின் எல்லா அடையாளங்களும் அங்கே இருந்தன.

தகரப் பலகையில் ஒரு கட்டளை

ஜோன்ஸ் அங்குக் குடியேறிய மறு ஆண்டே, 1893இல், அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டது. வங்கிகள் மூடப்பட்டன, ஆலைகள் நின்றன, இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். அந்நாள்களில் ஜோன்ஸ் ஒரு புதிய கருவியை உருவாக்கியிருந்தார். ஆழமான எண்ணெய்க் கிணற்றின் அடியில் இருக்கும் இறைகுழாயையும், மேலே இயங்கும் பொறியையும் இணைப்பதற்கு நீண்ட தண்டுகள் தேவை. அதுவரை மரத்தால் செய்யப்பட்டு வந்த அத்தண்டுகளை ஜோன்ஸ் இரும்பால் செய்து காட்டிக் காப்புரிமையும் பெற்றார். 1894இல் அதற்கெனத் தொழிற்சாலை ஒன்றை டொலீடோவில் தொடங்கினார்.

வேலை கேட்டு வாயிலில் கூடியவர்களின் முகங்கள் அவரை உலுக்கின. உழைக்கும் வலிமையுள்ள ஒருவன், உழைக்க அனுமதி கேட்டு மற்றொருவன் முன் கைகட்டி நிற்க வேண்டிய நிலை அவருக்கு மானக்கேடாகத் தோன்றியது. தம் இளமையை அவர் மறக்கவில்லை. அன்றைய தொழிற்சாலைகளின் சுவர்களில் தொழிலாளர் செய்யக் கூடாதவை, தண்டத் தொகைகள் என நீண்ட பட்டியல்கள் தொங்குவது வழக்கம். ஜோன்சின் தொழிற்சாலையில் அப்படியொரு பட்டியல் இல்லை. தகரப் பலகை ஒன்றில் ஆண்டவரின் பொன்விதியை எழுதிச் சுவரில் அறையச் செய்தார். அந்த ஆலைக்கு அதுவே விதி.

சுவரில் திருவசனம் எழுதி வைப்பது எளிது. நம் இல்லங்களிலும் கடைகளிலும் எத்தனையோ வசனங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. ஜோன்ஸ் அந்த வசனத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டு சென்றார். நகரின் பிற ஆலைகளில் ஒன்று, ஒன்றரை டாலர் என நாட்கூலி இருந்தபோது இவர் இரண்டு டாலர் அளித்தார். வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தார். ஒருவன் பத்து, பன்னிரண்டு மணிநேரம் உழைத்தால் மற்றொருவன் வேலையின்றி நிற்க நேரிடும். இருக்கும் வேலையைப் பகிர்ந்துகொள்வதே நீதி என்பது அவர் வாதம். ஆண்டுதோறும் ஊதியத்துடன் ஒரு வாரம் விடுமுறை. கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி ஊதியத்தில் ஐந்து விழுக்காடு அன்பளிப்பு. குறைந்த விலையில் சூடான மதிய உணவு. நோயுற்றோர்க்கும் காயமுற்றோர்க்கும் உதவக் கூட்டுக் காப்பீடு. தொழிலாளர் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் எவரும் கண்காணிக்கவில்லை, அவரவரே குறித்துக்கொண்டனர். ஆலையை அடுத்திருந்த நிலத்தைப் ‘பொன்விதிப் பூங்கா’வாக்கிக் குழந்தைகள் விளையாடவும், ஞாயிறு பிற்பகல்களில் மக்கள் கூடி உரைகளும் இசையும் கேட்கவும் வழி செய்தார். சம்பள உறையில் பணத்தோடு தம் கைப்பட எழுதிய கருத்துகளையும் கடிதமாக அச்சிட்டு வைப்பார். பின்னர் அக்கடிதங்கள் நூலாகவும் தொகுக்கப்பட்டன.

இங்கே நம் திருச்சபையின் வரலாற்றையும் நினைவுகூர்வது பொருந்தும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1887இல், அமெரிக்காவின் கர்தினால் கிப்பன்ஸ், தொழிலாளர் சங்கமொன்று கண்டிக்கப்படாதபடி உரோமையில் அவர்களுக்காகப் பரிந்து பேசினார். 1891 மே 15ஆம் நாள் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர், ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளி விலைக்கு வாங்கும் பொருளல்லன். அவனும் அவன் குடும்பமும் மாண்போடு வாழப் போதிய ஊதியம் பெறுவது நீதியின் கடமை. சந்தை தீர்மானிக்கும் கூலியோடு அக்கடமை முடிந்துவிடுவதில்லை என்று அம்மடல் கற்பித்தது. ஜோன்ஸ் கத்தோலிக்கர் அல்லர். எனினும் உரோமையிலிருந்து ஒலித்த குரலும், டொலீடோவின் தகரப் பலகையும் ஒரே மலைப்பொழிவின் இரு எதிரொலிகளாகவே நமக்குத் தோன்றுகின்றன.

கட்சியற்ற மனிதர்

1897இல் மேயர் தேர்தல் வந்தது. குடியரசுக் கட்சிக்குள் போட்டியிட்ட பிரிவினர் எவரும் விட்டுக்கொடுக்காத நிலையில், எவருக்கும் பகையில்லாத ஜோன்சை வேட்பாளராக நிறுத்தினர். ஏறத்தாழ ஐந்நூறு வாக்கு வேறுபாட்டில் அவர் வென்றார். நல்ல செல்வர், நயமான மனிதர், கட்சி சொல்வதைக் கேட்டு நடப்பார் என்பது தலைவர்களின் கணக்கு. அந்தக் கணக்கு விரைவிலேயே பொய்த்தது.

தம் ஆலையில் செய்தவற்றை நகராட்சியிலும் செய்யத் தொடங்கினார். நகராட்சித் தொழிலாளர்க்கு எட்டு மணிநேர வேலை. முன்னினும் உயர்ந்த கூலி. காவல் துறையில் கட்சிப் பரிந்துரைக்குப் பதிலாகத் தகுதி பார்த்து நியமனம். காவலர் கையிலிருந்த கனத்த தடிகளை வாங்கிக்கொண்டு, இலேசான கைத்தடிகளைக் கொடுக்கச் செய்தார். மக்களை அடிப்பது காவலரின் பணியன்று, உதவி செய்வதே அவர்களுடைய பணி என்பது அவர் எண்ணம். ஐயத்தின் பேரில் எவரையும் பிடித்து அடைக்கும் வழக்கத்தையும் தடுத்தார். சிறுவர்க்கு விளையாட்டுத் திடல்கள், மழலையர் பள்ளிகள், பூங்காக்களில் இலவச இசை நிகழ்ச்சிகள், வீடற்றோர் இரவில் தங்க இடம் ஆகியவற்றில் நகராட்சியின் கவனத்தைத் திருப்பினார்.

நகரின் தெருக்களில் வண்டி ஓட்டும் உரிமையையும் விளக்கெரிக்கும் உரிமையையும் தனியார் நிறுவனங்கள் நீண்ட காலத்துக்கு மலிவாகப் பெற்றுக்கொண்டு பெரும் இலாபம் ஈட்டின. இந்த உரிமைகள் மக்களுடையவை. மக்களுக்கே பயன்பட வேண்டும் என்றார் ஜோன்ஸ். நகர மன்றம் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்மானம் நிறைவேற்றியபோது தம் மறுப்பாணையால் அதைத் தடுத்தார். இவ்வாறு, ஊரின் பெரும் பணம் முழுவதும் அவருக்கு எதிராகத் திரும்பியது.

1899இல் கட்சி அவரை மீண்டும் நிறுத்த மறுத்தது. ஜோன்ஸ் தனித்துப் போட்டியிட்டார். இரு பெரிய கட்சிகளும் எதிர்த்து நின்ற அத்தேர்தலில், பதிவான வாக்குகளில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு அவருக்கே கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் ஓகையோ மாநில ஆளுநர் பதவிக்கும் தனித்து நின்றார். வெற்றி பெறவில்லை, ஆயினும் கட்சியின் துணையின்றி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். 1901இலும் 1903இலும் டொலீடோ மக்கள் அவரையே மீண்டும் மேயராக்கினர். 1903இல் நகரின் செய்தித்தாள்கள் அவருடைய கூட்டங்களைப் பற்றி எழுதவே மறுத்தன. அவரோ வண்டியில் ஏறித் தெருத்தெருவாகச் சென்று பேசினார். மக்களைத் தவிர மற்ற எல்லாரும் தமக்கு எதிரிகள் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நீதி இருக்கையில் இரக்கம்

ஜோன்சின் வாழ்வில் நம்மை மிகவும் ஈர்க்கும் பகுதி, அவர் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்த நாள்களே. காவல் நீதிமன்ற நடுவர் வராத வேளைகளில் மேயரே அவ்விருக்கையில் அமர்ந்து தீர்ப்பளிக்க அன்றைய சட்டம் இடம் தந்தது. குடித்துவிட்டுத் தெருவில் கிடந்தவர்கள், வேலையின்றி அலைந்தவர்கள், சிறு திருட்டில் பிடிபட்டவர்கள், உடலை விற்றுப் பிழைத்த பெண்கள் ஆகியோரே அந்நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். வசதி படைத்தவர் எவரும் அங்கு வருவதில்லை. ஜோன்ஸ் ஒவ்வொருவரையும் அருகழைத்து விசாரிப்பார். பெரும்பாலோரை விடுதலை செய்து அனுப்பிவிடுவார். வேலையில்லாதவனை வேலையில்லை என்பதற்காகத் தண்டிப்பது எந்த நீதி என்று கேட்பார். இந்த மனிதர்களைக் குற்றவாளிகளாக்கிய சமுதாயத்தில் தாமும் ஓர் உறுப்பினர். ஆகவே அக்குற்றத்தில் தமக்கும் பங்குண்டு என்பது அவருடைய உறுதியான எண்ணம். துப்பாக்கியோடு பிடிபட்ட ஒருவனுக்கு, அத்துப்பாக்கியைச் சம்மட்டியால் அடித்து நொறுக்குமாறு தண்டனை விதித்தார் என்றும் சொல்லப்படுகிறது.

இது நகரின் ‘கண்ணியமான’ மக்களுக்குப் பிடிக்கவில்லை. இறுதியில் மாநிலச் சட்டமன்றம், மேயர் நீதிபதியாக அமரும் உரிமையையே பறித்துவிட்டது. 1902இல் மற்றொரு சட்டம் இயற்றி, டொலீடோவின் காவல் துறையை மேயரிடமிருந்து எடுத்து, ஆளுநர் நியமிக்கும் குழுவிடம் ஒப்படைக்க முனைந்தது. ஜோன்ஸ் அடங்கிப்போகவில்லை, வழக்காடினார். ஓகையோ உச்ச நீதிமன்றம், ஒரு குறிப்பிட்ட நகரை மட்டும் குறிவைத்து இயற்றப்படும் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் விளைவாக மாநிலத்தின் நகராட்சிச் சட்டம் முழுவதையுமே புதிதாக எழுத வேண்டியதாயிற்று. சாந்தமுள்ளோர் எப்போதும் தோற்றுப்போவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

போதகர்களின் எதிர்ப்பு

இப்போது நாம் மனம் நோகும் பகுதிக்கு வருகிறோம். நற்செய்தியின் ஒரு வசனத்தையே தம் ஆட்சியின் அடித்தளமாக வைத்த இந்த மனிதரை, டொலீடோவின் புராட்டஸ்டாண்டுப் போதகர்களுள் பலர் வெளிப்படையாகவே எதிர்த்தனர். மதுக்கடைகளை மூட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைச் சட்டத்தைக் கண்டிப்பாகச் செயல்படுத்த வேண்டும், தீய இல்லங்களை ஒழிக்க வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகள். ஜோன்ஸ் மது அருந்தும் வழக்கத்தை ஆதரித்தவரல்லர். ஆனால், பன்னிரண்டு மணிநேரம் உழைத்து, இருண்ட ஒற்றை அறைக்குத் திரும்பும் தொழிலாளிக்கு வேறு கூடுமிடம் எதையும் தராமல் அவன் அமரும் ஒரே இடத்தையும் பூட்டுவது தீர்வாகாது என்றார். 1899 தேர்தலுக்கு முன், ஜார்ஜியா மாநிலத்திலிருந்து புகழ்பெற்ற எழுப்புதல் பிரசங்கியார் ஒருவர் வரவழைக்கப்பட்டார். வியப்பு என்னவெனில் அவர் பெயரும் சாம் ஜோன்ஸ்! அவர் பெருங்கூட்டங்களில் மேயரைக் கடுமையாகச் சாடினார். மேயர் ஜோன்சோ தாம் பொன்விதியின்படியே நடப்பதாகச் சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்த்தார்.

ஜோன்சின் நண்பரும் வழக்கறிஞருமான பிராண்ட் விட்லாக், தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். போதகர்கள் குழுவொன்று மேயரிடம் வந்து, ஒழுக்கம் தவறிய பெண்களை நகரைவிட்டு விரட்ட வேண்டும் என்று கேட்டது. எங்கே விரட்டுவது என்று ஜோன்ஸ் கேட்டார். அண்டை நகரங்களான டெட்ராயிட்டுக்கா, கிளீவ்லாந்துக்கா? எங்கேயாவது அவர்கள் இருந்துதானே ஆக வேண்டும்? பின்னர் அவர் ஒரு வழி சொன்னார். அப்பெண்களுள் மிகவும் கெட்டவர்கள் என்று நீங்கள் கருதும் இருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர்கள் வேறு பிழைப்புத் தேடிக்கொள்ளும்வரை என் வீட்டில் வைத்துக் காப்பாற்றுகிறேன். நீங்கள் ஒவ்வொருவரும் ஒரே ஒருத்தியை உங்கள் வீட்டில் ஏற்றுக்கொள்ளுங்கள். எஞ்சியோருக்கும் சேர்ந்தே வீடு தேடுவோம் என்றார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பிறகு பேசாமல் திரும்பிச் சென்றனர்.

அந்தப் போதகர்களை எண்ணி நாம் நகைக்க வேண்டாம். அவர்கள் தீயவர்கள் அல்லர். தம் மக்களின் ஒழுக்கத்தில் உண்மையான அக்கறை கொண்டவர்கள். மதுவால் அழிந்த குடும்பங்களின் கண்ணீரை அவர்கள் அன்றாடம் கண்டிருப்பார்கள். அந்தக் கண்ணீரைத் துடைக்கச் சட்டத்தின் துணையைத் தேடியதில் தவறென்ன என்று கேட்போரும் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை ஆண்டவர் முன் நிறுத்திய அந்த நாளை நாம் மறக்க இயலுமா? பாவத்தை நகரிலிருந்து அகற்ற விரும்புகிறவர்கள், பாவியை வீட்டுக்குள் ஏற்கத் தயங்குகிறோம். அன்று மேயரின் அறையில் நாம் இருந்திருந்தால், நாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு திரும்பியிருப்போம் அல்லவா?

எல்லைகளும் எச்சங்களும்

ஜோன்சைக் குறையற்ற மனிதராகக் காட்டினால் உண்மைக்கு நீதி செய்தவர்கள் ஆகமாட்டோம். காப்புரிமையாலும் எண்ணெயாலும் வந்த பெருஞ்செல்வம் அவரிடம் இறுதிவரை இருந்தது. அது தம்மை உறுத்துகிறது என்பதை அவரே மறைக்கவில்லை. அவர் ஆலையைக் கண்டு பிற முதலாளிகள் திரளாக மனம் மாறிவிடவுமில்லை. தெருவண்டி, விளக்கு முதலியவற்றை நகர மக்களின் பொதுவுடைமையாக்க வேண்டும் என்னும் அவருடைய கனவு அவர் காலத்தில் நிறைவேறவில்லை. கட்சிகளே வேண்டாம் என்ற அவர், தமக்குப் பின் பணியைத் தொடர ஓர் அமைப்பையும் முறையாக உருவாக்கவில்லை. அன்பு போதும், அமைப்பு எதற்கு என்னும் எண்ணம் அழகானது. ஆனால் நல்ல மனிதர் மறைந்தபின் ஏழைகளைக் காக்கச் சட்டமும் சங்கமும் தேவைப்படவே செய்கின்றன. இரக்கமும் நீதியும் இணைந்தே நடக்க வேண்டும் என்று திருச்சபையின் சமூகப் போதனை வலியுறுத்துவதன் பொருள் இங்கே விளங்குகிறது.

நெடுங்காலமாக ஈளை நோயால் துன்புற்ற ஜோன்ஸ், மேயர் பதவியில் இருந்தபோதே, 1904 ஜூலை 12ஆம் நாள், தம் 57ஆம் வயதில் மறைந்தார். பல்லாயிரம் மக்கள் வரிசையில் நின்று அவர் உடலுக்கு இறுதி வணக்கம் செலுத்தினர். ஆலைத் தொழிலாளரும், வீடற்ற ஏழைகளும், அவர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள் என்று நாம் எண்ணிக்கொள்ளலாம். டொலீடோவின் உட்லான் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார்.

விதை வீணாகவில்லை. 1905 தேர்தலில் விட்லாக் அதே வழியில் தனித்து நின்று வென்றார். நான்கு முறை மேயரானார். பின்னர் பெல்ஜியம் நாட்டுக்கு அமெரிக்கத் தூதராக அனுப்பப்பட்டார். முதல் உலகப் போரில் ஜெர்மானியப் படைகள் அந்தக் கத்தோலிக்க நாட்டை ஆக்கிரமித்தபோது, கர்தினால் மெர்சியே தம் மக்களுக்காகத் துணிந்து குரல் கொடுத்த அதே நாள்களில், பசித்த பெல்ஜிய மக்களுக்கு உணவு சென்று சேர உழைத்தவர்களுள் விட்லாக்கும் ஒருவர். 1915இல் மரண தண்டனை பெற்ற செவிலியர் எடித் கேவெலின் உயிரைக் காக்கவும் அவர் முயன்றார், அம்முயற்சி பலிக்கவில்லை. டொலீடோவின் ஏழைகளிடம் இரக்கம் காட்ட ஒரு மேயரிடம் கற்றவர், அந்தப் பாடத்தைக் கடல் கடந்தும் கொண்டு சென்றார். 1993இல் அமெரிக்க வரலாற்றறிஞர்களிடையே நடத்தப்பட்ட ஒரு கருத்துக் கணிப்பில், அந்நாட்டின் மிகச் சிறந்த மேயர்களின் வரிசையில் ஜோன்ஸ் ஐந்தாம் இடம் பெற்றார்.

நமக்கு என்ன?

நம்மில் மேயராகிறவர்கள் மிகச் சிலரே. ஆனால் நம் ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு சிறு ஆட்சி இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு எவ்வளவு கூலி என்று முடிவு செய்கிறோம். கடையில் நிற்கும் பையன் எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்று முடிவு செய்கிறோம். அலுவலகத்தில் மனுவோடு வரும் ஏழையை உட்காரச் சொல்வதா, நிற்க வைப்பதா என்று முடிவு செய்கிறோம். பங்குப் பேரவையிலும் பள்ளி நிருவாகத்திலும், தவறியவர் ஒருவரை வெளியேற்றுவதா, ஏற்றுக்கொள்வதா என்று முடிவு செய்கிறோம். அந்த வேளைகளில் ஊர் வழக்கம் என்ன, அடுத்தவர் எவ்வளவு கொடுக்கிறார் என்றே நாம் பெரும்பாலும் கேட்கிறோம். அவருடைய இடத்தில் நான் இருந்தால் என்ன எதிர்பார்ப்பேன் என்று கேட்பது அரிதாகவே நிகழ்கிறது.

பொதுநிலையினரின் தனிப்பட்ட அழைப்பு உலகியல் காரியங்களை இறைவனுக்கேற்ப ஒழுங்குபடுத்துவதே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்திருக்கிறது. அதனை நிறைவேற்ற உயர்ந்த கல்வியோ பெரிய பதவியோ முதலில் வேண்டியதில்லை. முப்பது மாதங்களே பள்ளி சென்ற ஒருவர், ஆண்டவரின் ஒரே ஒரு வாக்கியத்தை மெய்யென்று நம்பி, அதனைத் தம் ஆலைக்கும் ஊருக்கும் விதியாக்க ஏழாண்டுகள் போராடினார். நாம் மனப்பாடமாக அறிந்திருக்கும் வசனங்கள் எத்தனையோ. அவற்றுள் ஒன்றையேனும் நம் கணக்குப் புத்தகம் வரை எடுத்துச் செல்ல நமக்குத் துணிவு உண்டா?